டார் உலாவி: எங்கே மாற்ற வேண்டும், எங்கே மாற்றக் கூடாது

நாம் யார், எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் டார் உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள சிறு அடையாளத்தை அழுத்தினால், நம் கணினியிலிருந்து நாம் பார்க்கும் இணையதளம் வரையிலான பாதை நாடுகளின் பெயரோடு தெரியும். முதலில் ஜெர்மனியில் ஒரு ரிலே (நம் தகவலை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும் கணினி), அடுத்து நெதர்லாந்தில் ஒன்று, பிறகு ருமேனியாவில் ஒன்று என்பது போல மூன்று நிறுத்தங்கள் இருக்கும். சில நாள்கள் பயன்படுத்தியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள்: இரண்டாவதும் மூன்றாவதும் அடிக்கடி மாறுகின்றன, முதலாவது வாரக்கணக்கில் மாறுவதே இல்லை. இதைக் குறையாக எண்ணி, மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மதிப்பீட்டில், அந்த மாறாத முதல் நிறுத்தம்தான் இந்த உலாவியின் ஆகச் சிறந்த முடிவு. அது ஏன் என்பதைச் சொல்ல, எதிரெதிர் நலன் கொண்டவர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் கணிதமான ஆட்டக் கோட்பாட்டின் துணை வேண்டும். கணிதம் கற்பிக்கிறவன் என்ற முறையில் அந்தப் பக்கத்திலிருந்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மொரிஷியசில் இருக்கிற நமக்கு இது தொலைதூர விஷயம் அன்று. 2021 ஏப்ரலில், சமூக ஊடகங்களுக்குச் செல்லும் போக்குவரத்தை இடையில் நிறுத்தி, குறியாக்கத்தை அவிழ்த்து, பதிவு செய்து, மீண்டும் குறியாக்கி அனுப்பும் ஒரு ஏற்பாட்டை, நாட்டின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே தன் கலந்தாய்வு அறிக்கையில் முன்வைத்தது. 2022-ல், தெற்குக் கரையில் பே து ஜாக்கோத்தே என்னுமிடத்தில் உள்ள கடலடிக் கேபிள் நிலையத்திற்குள் வெளியாட்கள் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது ஓர் ஆய்வுப் பணி என்று அரசு விளக்கியது. 2024 அக்டோபரில், ஒட்டுக்கேட்கப்பட்டவை என்று சொல்லப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் தொடர்ச்சியாக வெளியாயின. நவம்பர் முதல் தேதி, தேர்தல் முடியும் வரை சமூக ஊடகங்களை முடக்கும்படி ஆணை வந்து, மறுநாளே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நாள்களில் கோயில் இளைஞர் குழுவினரும் உடன் பணிபுரிகிறவர்களும் நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சேவையகம் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலிகளில், கையில் கிடைத்த இலவசச் செயலிகளையெல்லாம் கைபேசியில் இறக்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் இன்றும் அவற்றை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது.

வி.பி.என். என்பது ஒரே ஓர் இடைத்தரகர். நம் பெயரும் நாம் போகும் இடமும் சேர்ந்தே அவருக்குத் தெரியும். ஒட்டுக்கேட்க விரும்புகிறவர் அந்த ஓர் இடத்தைப் பிடித்தால் போதும். டார் அந்த அறிவை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் ரிலேக்கு நாம் யார் என்பது தெரியும், எங்கே போகிறோம் என்பது தெரியாது. கடைசி ரிலேக்கு எங்கே போகிறோம் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. உலகம் முழுவதும் தன்னார்வலர்களும் அமைப்புகளும் இயக்கும் சில ஆயிரம் ரிலேக்களிலிருந்து இந்த மூன்றும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எனவே ஒட்டுக்கேட்பவர் ஒரே பாதையின் இரு முனைகளையும் தம் வசம் வைத்திருந்தால்தான் அவருக்கு உருப்படியாக ஏதேனும் கிடைக்கும்.

இங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. மறைகிறவர் ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கிறார். கேட்கிறவர் எந்த இடங்களில் உட்காரலாம் என்று தேர்ந்தெடுக்கிறார். ஒருவருடைய ஆதாயம் மற்றவருடைய நட்டம். இத்தகைய ஆட்டங்களைப் பற்றி ஜான் வான் நியூமன் 1928-ல் நிறுவிய மினிமேக்ஸ் தேற்றம் சொல்வது இது: எப்போதும் ஒரே வழியில் நடக்கிறவரை எதிராளி கணித்துவிடுவார், ஆகவே சரியான நிகழ்தகவுகளோடு கலந்து ஆடுகிறவருக்கு ஓர் உத்தரவாதம் கிடைக்கிறது, அதற்குக் கீழே அவரை எந்த எதிராளியாலும் தள்ள முடியாது. நம் திட்டம் முழுவதையும் எதிராளி படித்திருந்தாலும், அடுத்த முறை பகடை எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியாது. டார் மென்பொருளின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஆனால் பகடையின் எல்லா முகங்களும் சமமானவை அல்ல. அதிக அலைவரிசை, அதாவது ஒரு நொடியில் அதிகத் தகவலைக் கடத்தும் திறன், தரும் ரிலேக்களுக்கு அதிக வாய்ப்புத் தரப்படுகிறது. வேகத்திற்காக மட்டும் செய்த ஏற்பாடாக இது தோன்றலாம். பாதுகாப்பின் கணக்கிலும் இதற்குப் பொருள் உண்டு. எல்லா ரிலேக்களுக்கும் சம வாய்ப்பு என்று வைத்திருந்தால், ஒட்டுக்கேட்க நினைப்பவர் மலிவான சிறு இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அலைவரிசைக்கு ஏற்ற வாய்ப்பு என்னும்போது, வலையமைப்பில் பத்தில் ஒரு பங்கைக் கேட்க விரும்புகிறவர் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு போக்குவரத்தைத் தம் செலவில் சுமந்தாக வேண்டும். அதோடு, இணைய முகவரியின் முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருக்கும் ரிலேக்கள் இரண்டை ஒரே பாதையில் சேர்ப்பதில்லை என்ற விதியும் உண்டு. ஒரே தரவு மையத்தில் கும்பலாகக் குடியேறுவதை இது பயனற்றதாக்குகிறது.

இனி முதல் ரிலேக்கு வருவோம். மொத்த அலைவரிசையில் பத்து விழுக்காடு ஒட்டுக்கேட்பவரிடம் இருப்பதாகக் கொள்வோம். மூன்று ரிலேக்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுத்தால், ஒரு பாதையின் முதல் முனையும் கடைசி முனையும் அவருடையதாக அமைய வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஒரே ஒரு முறை ஆடும் ஆட்டமாக இருந்தால் இது நல்ல நிலைதான். ஆனால் டார் சுமார் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை புதிய பாதைக்கு மாறுகிறது. நூறு பாதைகள் என்பது ஏறத்தாழ 17 மணி நேர உலாவல். நூறு முறையில் ஒரு முறையேனும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு, 0.99-ஐ நூறு முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் கிடைக்கும்: 63 விழுக்காடு. ஒரு மாதம் பயன்படுத்துகிறவர் மாட்டுவது ஏறத்தாழ உறுதி. ரகசியம் காக்க வேண்டிய பத்திரிகையாளருக்கு ஒரு முறை வெளிப்பட்டாலே எல்லாம் வெளிப்பட்டதாகும். மற்ற 99 முறை மறைந்திருந்தது அவருக்கு ஆறுதல் தராது.

முதல் ரிலேயை மட்டும் நிலையாக வைத்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. தொடக்கத்தில் பத்து விழுக்காடு வாய்ப்பில் கெட்ட ரிலே அமையலாம். அப்படி அமைந்த பயனர் நாளடைவில் மாட்டுவார். மீதி 90 விழுக்காட்டினருக்கு, அந்த ரிலே நிலைத்திருக்கும் காலம் வரை, எத்தனை நூறு பாதைகள் அமைத்தாலும் முதல் முனையில் எதிராளி இல்லை. திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டத்தில், ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டுவது எதிராளிக்கு ஒவ்வொரு சுற்றிலும் புதிய வாய்ப்பைத் தருவதாகிவிடுகிறது. டார் செய்திருப்பது, பகடையை நுழைவாயிலில் ஒரு முறை உருட்டிவிட்டு, அதற்கப்பால் மட்டும் தொடர்ந்து உருட்டுவது. இந்த நுழைவு ரிலே இரண்டு மூன்று மாதங்கள் நிலைத்திருக்கும். முன்பு மூன்று நுழைவு ரிலேக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய மென்பொருள், 2014 முதல் ஒன்றையே முதன்மையாகக் கொள்கிறது.

இது தாளில் மட்டும் நடக்கும் கணக்கு அன்று. 2014 ஜனவரி 30 அன்று வலையமைப்பில் சேர்ந்த 115 ரிலேக்கள், நுழைவுத் திறனில் சுமார் 6.4 விழுக்காட்டைக் கைப்பற்றிக்கொண்டு, மறைவுச் சேவைகளை, அதாவது டார் வழியாக மட்டுமே திறக்கும் தளங்களை, தேடிச் செல்கிறவர்களை அடையாளம் காண முயன்றதை டார் திட்டத்தினர் கண்டுபிடித்து, அதே ஆண்டு ஜூலை 4 அன்று அவற்றை நீக்கினார்கள். ஐந்து மாதங்களுக்கு மேல் அவை உள்ளே இருந்தன. அந்தக் காலத்தில் நுழைவு ரிலேயை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தவருக்கு ஆபத்து கூடுதலாகவே இருந்திருக்கும். ஆகவே, இணைப்பு மெதுவாக இருக்கிறது என்பதற்காக மென்பொருளை நீக்கி நிறுவி நுழைவு ரிலேயை மாற்ற வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். ‘புதிய அடையாளம்’ என்னும் பொத்தான் தாவல்களையும் நினைவுக் குக்கீகளையும் அழித்துப் புதிய பாதைகளைத் தரும். நுழைவு ரிலேயை அது தொடாது, தொடவும் கூடாது.

அடுத்ததாகச் சொல்வது நம் தீவுக்கே உரியது, உலாவியின் உதவிப் பக்கங்கள் எதுவும் நமக்கென்று விளக்கியிராதது. மறைகிறவர் ஒரு பாதையையும் கேட்கிறவர் ஓர் இணைப்பையும் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில், ஒன்றோடொன்று சேராத பாதைகள் எத்தனை உண்டோ அதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. நான்கு தனிப் பாதைகள் இருந்தால், சமமாகக் கலந்து அனுப்புகிறவர் மாட்டும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதற்குக் கீழே எந்தத் தந்திரத்தாலும் இறங்க முடியாது. ஐரோப்பாவின் நடுவில் இருப்பவருக்குப் பாதைகள் ஏராளம். நமக்கோ 2002-ல் வந்த சேஃப், 2009-ல் வந்த லயன், 2021-ல் வந்த மெட்டிஸ், பிறகு வந்த டி-3 என்று விரல்விட்டு எண்ணத்தக்க கடலடிக் கேபிள்களே உள்ளன. அதிலும் எந்தக் கேபிளில் நம் தகவல் போக வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இணையச் சேவை நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. டார் உருட்டும் பகடை இந்தக் கடல் துண்டின் மேல் செல்லுபடியாகாது. இந்தத் துண்டில் நம்மைக் காப்பது குறியாக்கம் ஒன்றே.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு பிறக்கிறது. குவாத்ர் போர்னில் உட்கார்ந்துகொண்டு, தரவு மையம் போர்ட் லூயியிலோ எபேனிலோ இருக்கும் ஓர் இணையதளத்தை டார் வழியாகத் திறந்தால், நம் கோரிக்கை கேபிள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, மூன்று ரிலேக்களைச் சுற்றி, கேபிள் வழியாகவே தீவுக்குத் திரும்பி வருகிறது. போவதையும் வருவதையும் தீவின் வாயிலில் ஒருவரே பார்க்க முடியுமானால், உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், எந்த நொடியில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு வந்தது என்பதை ஒப்பிட்டு இரு முனைகளையும் பொருத்திவிடலாம். இரு முனைகளையும் பார்க்கிறவரிடமிருந்து காப்பதாக டார் என்றுமே வாக்களித்ததில்லை. அதை வடிவமைத்தவர்கள் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்ன வரம்பு இது. போலித் தகவல்களை நிரப்பியும், வேண்டுமென்றே தாமதப்படுத்தியும் இதைத் தடுக்கலாம், ஆனால் அப்போது உலாவியை யாரும் பயன்படுத்த முடியாத அளவுக்கு மெதுவாகிவிடும். எனவே உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு ரகசியத் தகவல் அனுப்ப நினைப்பவர், தளத்தின் சேவையகம் எங்கே இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் இயங்கும் தளங்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

இன்னொரு வரம்பும் சிறிய நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். நாம் டாரில் என்ன செய்கிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. டாரைப் பயன்படுத்துகிறோம் என்பது தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டாரைத்தான் பயன்படுத்தினார். யாரும் குறியாக்கத்தை உடைக்கவில்லை. அந்த நேரத்தில் வளாகத்தின் வலையமைப்பிலிருந்து டாருக்குச் சென்றவர்கள் யார் என்று பார்த்ததே அவரைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது. அவர் செய்தது குற்றம்; ஆனால் அதே கணக்கு நேர்மையான காரணத்தோடு மறைந்திருக்க விரும்புகிறவருக்கும் பொருந்தும். ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நாட்டில், ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் டாருக்குள் இருப்பவர்கள் எத்தனை பேராக இருக்க முடியும்? கூட்டம் பெருகப் பெருகத்தான் ஒவ்வொருவருக்கும் மறைவு கூடுகிறது. இந்தத் தொழில்நுட்பம் 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதற்குக் காரணம் இதுவே: கடற்படையினர் மட்டும் பயன்படுத்தும் வலையில் நுழைகிற ஒவ்வொருவரும் கடற்படையினர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதே தர்க்கத்தை உலாவியின் சின்னச் சின்ன அமைப்புகளிலும் காணலாம். பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்பு தெரிவதைப் பலர் பிழை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவர் திரையின் அளவும் வெவ்வேறாக இருப்பதால் அதைக் கொண்டே ஒருவரைப் பின்தொடரலாம். ஆகவே எல்லாருடைய சாளரத்தையும் சில பொது அளவுகளுக்குள் உலாவி அடக்குகிறது. கணினியில் நாம் நிறுவிய எழுத்துருக்களின் பட்டியலையும் அது வெளியே காட்டுவதில்லை. தைப்பூசக் காவடியில் எல்லாரும் ஒரே நிற உடை அணிந்து நடக்கும்போது, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு யார் யார் என்று தெரியாமல் போவதைப் போன்ற ஏற்பாடு இது. ஒருவர் மட்டும் தமக்குப் பிடித்த நீட்சிகளையும் நிறங்களையும் சேர்த்துக்கொண்டால், அவர் மறைவு அங்கேயே முடிந்துவிடும். உலாவியில் எதையும் கூடுதலாக நிறுவாமல் இருப்பதே சரி.

வெளியேறும் முனையில் ஓர் எச்சரிக்கை தேவை. கடைசி ரிலேயிலிருந்து தளம் வரை, அந்தத் தளமே குறியாக்கம் தரவில்லையென்றால், தகவல் அப்படியே செல்லும். 2007-ல் சுவீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சில வெளியேற்ற ரிலேக்களைத் தாமே இயக்கிப் பார்த்தபோது, பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் அவர் கையில் வந்து விழுந்தன. 2022-ல் வந்த 11.5 பதிப்பிலிருந்து கணினிக்கான டார் உலாவி, குறியாக்கம் உள்ள இணைப்புகளையே இயல்பாகக் கேட்கிறது. இல்லாத தளத்தைத் திறக்குமுன் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்ல எந்த அவசரமும் காரணமாகாது.

அன்றாடப் பயன்பாட்டில் வேகம் குறைவுதான். இங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் 9,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வரவே குறைந்தது 90 மில்லிநொடி ஆகும், கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். அதன் மேல் ரிலேக்களுக்கு இடையிலான பயணமும் சேர்கிறது. செய்திகளைப் படிக்க, தேட, மின்னஞ்சல் பார்க்க இது போதும். காணொளிக்கும் நேரடி அழைப்புக்கும் ஏற்றதன்று. பல தளங்கள் நம்மை இயந்திரமா மனிதரா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கின்றன. சில வங்கிப் பக்கங்கள் திறப்பதே இல்லை. வங்கிக்கு இதைப் பயன்படுத்தத் தேவையும் இல்லை. வங்கிக்கு நாம் யார் என்பது எப்படியும் தெரிய வேண்டும். பாதுகாப்பு நிலையை ஆக உயர்ந்ததில் வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடும், பாதிப் பக்கங்கள் உடையும். நடு நிலை பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அதிகாரபூர்வச் செயலி உண்டு. ஐபோனுக்கு ஆனியன் பிரவுசர் என்னும் வேறொரு செயலியையே டார் திட்டத்தினர் பரிந்துரைக்கிறார்கள்.

டாரே முடக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அமைப்புகளில் ‘பிரிட்ஜ்’ என்ற பகுதி உண்டு. அதில் உள்ள ஸ்னோஃப்ளேக் என்னும் வழி, பிற நாடுகளில் உள்ள சாதாரணப் பயனர்களின் உலாவிகள் வழியாக நம்மை உள்ளே அழைத்துச் செல்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது காணொளி அழைப்பைப் போலத் தோன்றும். முடக்குகிறவரும் ஓர் ஆட்டக்காரரே. அவருடைய கணக்கில், டாரைத் தடுக்கப் போய் அலுவலகக் காணொளிக் கூட்டங்களையும் தடுத்தால் வரும் நட்டம் பெரிது. அந்த நட்டத்தின் பின்னால் மறைந்துகொள்வதுதான் இந்த வழியின் சாமர்த்தியம். முடக்கம் இல்லாத நாள்களில் நம் உலாவியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியை நிறுவி, பர்மாவிலோ ஈரானிலோ இருக்கும் யாருக்கோ நாமே பாலமாக இருக்கவும் முடியும். டார் உலாவியில் இல்லை, வழக்கமான பயர்பாக்சிலோ குரோமிலோ நிறுவ வேண்டும். நான் நிறுவியிருக்கிறேன், இணைய வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

விலை எதுவும் இல்லை. டார் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை மொழியில் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் கிடைக்கிறது, பர்மிய மொழியில் கிடைக்கிறது, தாய் மொழியிலும் கிடைக்கிறது, தமிழில் இல்லை. தமிழில் மெனுக்கள் இருந்தால் அதுவே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஆனால் மெனுவின் மொழி வேறு, தளத்துக்கு உலாவி அறிவிக்கும் மொழி வேறு. ஆங்கிலம் அல்லாத பதிப்பில், தளங்களிடம் ஆங்கிலப் பக்கங்களையே கேட்கட்டுமா என்று உலாவி நம்மிடம் கேட்கிறது. ஆம் என்று சொன்னால், வெளியே நாம் கூட்டத்தோடு கூட்டமாகவே தெரிவோம், உள்ளே தமிழில் படித்துக்கொள்ளலாம். டார் திட்டத்தின் மொழிபெயர்ப்புகள் வெப்லேட் தளத்தில் தன்னார்வலர்களால் நடக்கின்றன. பிரெஞ்சுப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதக்கூடியவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். பாதுகாப்பு நிலைகளையும் பிரிட்ஜ் அமைப்பையும் விளக்கும் பக்கங்களிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் பயனர்கள் தவறான பொத்தானை அழுத்துவது பெரும்பாலும் அங்கேதான்.